கறுப்புக் காரில் ஏறும் கடன்

விசிட் விசாவில் வேலை தேடித் துபாய் போகும் நம்ம ஊர்ப் பொடியன்மார் இறங்கியவுடன் போடும் முதல் ஸ்டேட்டஸை நாம எல்லோரும் பார்த்திருக்கிறோம். கறுப்பு லெக்ஸஸ். பின் சீட். கூலிங் கிளாஸ். "நியூ லைஃப்" என்று ஒரு வரி.

இந்தப் பதிவு அந்தப் படத்தைப் பற்றியது. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நம்ம பொடியன்மாரில் அதிகம் பேர் போய்த் தங்குவது டேரா பக்கத்துப் பெட் ஸ்பேஸில். விமான நிலையத்திலிருந்து அது சில கிலோமீட்டர்தான். டெர்மினல் 1, டெர்மினல் 3 இரண்டிலும் வாசலிலேயே மெட்ரோ இருக்கிறது. 2009 முதல் ஓடுகிற அதே சிவப்புப் பாதைதான் டேரா சிட்டி சென்டர், அல் ரிக்கா, யூனியன் எல்லாவற்றுக்கும் போகிறது. நொல் அட்டை 25 திர்ஹம். அதில் 19 திர்ஹம் பயணத்துக்கே மிஞ்சும். ஒருவர் ஒரு பெரிய பெட்டியும் ஒரு சின்னப் பெட்டியும் கொண்டு போகலாம்.

டெர்மினல் 2 இல் இறங்கினால் மெட்ரோ இல்லை. நடுச்சாமத்தில் இறங்கினாலும் மெட்ரோ ஓடாது. சரி, வெளியே வரிசையில் டாக்ஸி நிற்கிறது. விமான நிலையத்தில் மீட்டர் 25 திர்ஹத்தில் தொடங்கும். டேராவுக்குச் சுமார் 40 திர்ஹத்தில் போய்விடலாம். பேரம் இல்லை, ஏமாற்று இல்லை.

ஊபர் பிளாக் போன்ற சொகுசுக் கார் வேறு கணக்கு. அங்கு அவை டாக்ஸி அல்ல, லிமோசின். டாக்ஸியை விடக் கூடுதலாகவே வாங்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. கூட்டம் கூடினால் ஆப்பில் விலையும் ஏறும். ஒரு திர்ஹம் நம்ம காசில் சுமார் 80 ரூபா என்பதை மறந்துவிட வேண்டாம்.

"அவன்ட காசு, அவன் செலவழிக்கிறான், உங்களுக்கு என்ன சேர்?" என்று கேட்பீர்கள்.

அவன்ட காசா அது? உம்மாட காப்பு அடகுக் கடையில் இருக்கிறது. ராத்தாட சீட்டுக் காசு டிக்கெட்டில் போயிருக்கிறது. வாப்பா கைமாற்று வாங்கி ஏஜென்டுக்குக் கட்டியிருக்கிறார். அந்தக் காரின் பின் சீட்டில் அவன் மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தின் கடனே உட்கார்ந்து போகிறது.

விசிட் விசாவில் வேலை செய்வது அங்கு சட்டவிரோதம். வேலை கிடைத்து விசா மாறும் வரைக்கும் சம்பளம் இல்லை. பெட் ஸ்பேஸ் வாடகை, சாப்பாடு, சீ.வி. கொடுக்க அலையும் பஸ் காசு எல்லாம் கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும். விசா முடிந்து தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் தண்டம். அதாவது ஒவ்வொரு விடியலுக்கும் 4,000 ரூபா. அந்த நேரத்தில் ஒவ்வொரு திர்ஹமும் ஒரு நேரச் சாப்பாடு.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் காரை ஓட்டுகிறவர் யார்? பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்தோ கேரளாவிலிருந்தோ பிழைக்க வந்த ஒருவர். முன் சீட்டில் வேலை உள்ளவர், பின் சீட்டில் வேலை இல்லாதவர். படத்தில் முதலாளி மாதிரித் தெரிவதோ வேலை இல்லாதவர்!

காசு போனால் போகட்டும் என்று விட்டாலும், அந்தப் படம் செய்கிற வேலையை விட முடியாது. அதை ஏ.எல். வகுப்புப் பிள்ளை பார்க்கிறான். "படிச்சு என்ன சேர், அவன் போன கிழமைதான் போனான், காரைப் பாருங்க" என்கிறான். ஆறு பேர் படுக்கும் அறையின் படத்தை யாரும் போடுவதில்லை. நேர்முகத்துக்குப் போய்த் திரும்பிய வெயிலின் படமும் வருவதில்லை. ஏஜென்டுக்கு விளம்பரச் செலவே இல்லை. நம்ம பொடியன்மாரே இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டு உம்மாட காப்பும் அடகுக்குப் போகிறது.

சொகுசுக் காரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதான உம்மா வாப்பா, நடக்க முடியாதவர், கைப்பிள்ளையோடு இரவில் தனியே இறங்கும் பெண் இவர்களுக்கு முன்கூட்டியே கார் புக் பண்ணுங்கள். டிரைவரின் பெயர், வண்டி இலக்கம், போகும் பாதை எல்லாம் வீட்டிலிருப்பவருக்கும் தெரியும். அதற்குக் கொடுக்கும் காசு வீண் விரயம் அல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆப்பின் சாதாரண காரிலும் உண்டு. பெண்களுக்கென்று பெண்களே ஓட்டும் ரோஸ் நிறக் கூரை டாக்ஸியும் விமான நிலையத்தில் உண்டு. பாதுகாப்புக்கு ஒரு விலை, பவுசுக்கு வேறு விலை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

வாசலில் வந்து "லிஃப்ட் வேணுமா" என்று கூப்பிடும் அனுமதியில்லாத கார்களில் மட்டும் யாரும் ஏற வேண்டாம். மலிவு என்று அதில் ஏறுவது கறுப்புக் காரை விடப் பெரிய மடத்தனம்.

அங்கிருக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நொல் அட்டையின் படத்தைப் போடுங்கள். வாடகை எவ்வளவு, எத்தனை நாள் அலைந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பொடியனுக்கு அதுதான் உதவி.

இங்கிருக்கும் பெற்றோருக்கும் ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்டேட்டஸைக் காட்டி உங்கள் பிள்ளையைக் குத்திக் காட்டாதீர்கள். அந்தக் கார் யாருடையது, அதற்குக் கட்டிய காசு யாருடையது என்று முதலில் கேளுங்கள்.