மியூசியத்துக்கு அனுப்பவா?

"பாக் இசையை இன்றைய வாத்தியத்தில் வாசித்தால் குறைந்தா போய்விடும்? பழசெல்லாம் மியூசியத்துக்கு!" என்கிற அண்ணாச்சிகளே, கொஞ்சம் நில்லுங்கள்.

1721-ல் பாக் சமர்ப்பித்த பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களில் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரம்பெட், ரெக்கார்டர் என்னும் மரக்குழல், ஓபோ, வயலின். நால்வரும் பங்காளிகள். பெரிய அரங்குகளுக்காகச் சத்தம் கூட்டிய இன்றைய வாத்தியங்களுக்கு நடுவே மரக்குழல் எளிதில் அமுங்கிவிடும்.

1953-ல் வியன்னாவில் ஆர்னன்கூர் தம்பதியும் நண்பர்களும் தொடங்கிய கான்சென்டஸ் மியூசிகஸ் குழு, குடல் தந்தி வயலினும் வால்வு இல்லாத ட்ரம்பெட்டுமாக 1964-ல் இதைப் பதிவு செய்தது. கேட்டுப் பாருங்கள், மரக்குழல் பிழைத்திருக்கிறது!

ஒரு பங்காளியின் பங்கை எடுத்து இன்னொருவர் கணக்கில் வரவு வைப்பதற்கு வளர்ச்சி என்றா பெயர்? எங்கள் வங்கியில் அதற்கு வேறு பெயர் சாமி!