இறங்கத் தெரிந்த சைக்கிள்

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் எந்த ஆம்பளைக்கும் வயசு பன்னிரண்டாகிவிடுகிறது. ஆபீஸில் பைசா பிசகாமல் பேலன்ஸ் ஷீட் போடுகிற ஆசாமியாக இருக்கலாம். வங்கி மேனேஜரிடம் வட்டிக்கு மல்லுக்கட்டுகிறவராக இருக்கலாம். கடைக்குள் வந்தால் மட்டும் கேள்விகள் மூன்றே மூன்றுதான்.

“எத்தனை கியர்ண்ணே?”

“பின்னாடியும் ஷாக் அப்சார்பர் உண்டா?”

“இதுலயே சிவப்பு கலர் இருக்கா?”

நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் கேட்டுக்கொள்வதில்லை. ‘இதை நான் எந்த ரோட்டில் ஓட்டப் போகிறேன்?’

மற்ற ஊர்க்காரர்கள் எப்படியோ போகட்டும். அரியலூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். ஏனென்றால் இங்கே வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் நாலு தினுசு பாதை வந்துவிடும். முதலில் தார் ரோடு. அப்புறம் சரளைக் கல். ஏரிக்கரை வழியாகக் குறுக்கே போனால் மண் தடம். சில ஊர்ப்பக்கம் கரிசல். வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் மழை விழுந்தால் அல்வா பதத்துக்கு வந்துவிடும். இந்த நாலுக்கும் பொதுவாக, தெய்வம் மாதிரி எங்கும் நிறைந்திருப்பது சீமைக்கருவேல முள்.

தார் ரோட்டிலேயே போய்விடலாமே என்பீர்கள். போகலாம். ஆனால் அதில் ஏற்கெனவே ஒருத்தர் போய்க்கொண்டிருக்கிறார். சுண்ணாம்புக்கல் லாரி.

இது பல கோடி வருஷத்து சமாசாரம். டைனோசர் காலத்தில் இந்தப் பிரதேசம் கடலுக்கடியில் இருந்தது. நம்பாதவர்கள் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். கடல் போய்விட்டது, சுண்ணாம்பு மிஞ்சியது. சுண்ணாம்பைத் தேடி அரசு ஆலையும் தனியார் ஆலைகளும் வந்தன. ஆலைகளுக்காகச் சுரங்கம், சுரங்கத்துக்காக லாரி. அந்த லாரிக்கு முன்னால் நீங்கள், சைக்கிளில், டிபன் பாக்ஸோடு.

இப்போது ஒரு காட்சியை மனசில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் டிப்பர் லாரி வருகிறது. எதிரே டவுன் பஸ் வருகிறது. இரண்டும் சரியாக உங்கள் பக்கத்தில் வந்து சந்தித்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கின்றன. ரோட்டின் அகலம் இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆள் இறங்கியாகணும். மூன்றாவது ஆள் யார் என்பதில் லாரிக்காரருக்கும் பஸ்காரருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

இறங்கினால் அங்கே என்ன இருக்கிறது? நாலு விரற்கடை பள்ளம், அப்புறம் உதிரிச் சரளை. ஒல்லி டயர் சைக்கிள் அதில் இறங்கினால் முன் சக்கரம் வழுக்கும், ஹேண்டில் ஒருபக்கம் திரும்பும், ஆள் சாய்வார். எந்தப் பக்கம் சாய்வார் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

ஆகவே மவுண்டன் பைக் என்பது இந்த ஊரில் மலை ஏறுவதற்கில்லை. மலையே கிடையாது. தார் ரோட்டை விட்டு நினைத்த நேரத்தில், கீழே விழாமல் இறங்குவதற்கு. இந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்கிற வண்டிதான் நல்ல வண்டி. மற்றதெல்லாம் பெயின்ட்.

* * *

மவுண்டன் பைக்கில் இரண்டு ஜாதி. முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர் வைத்தது ஹார்டுடெயில். ‘கெட்டி வால்’ என்று தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். முன்னும் பின்னும் வைத்தது ஃபுல் சஸ்பென்ஷன். பார்வைக்கு இரண்டாவதுதான் ஜோர். மோட்டார் பைக்கின் தம்பி மாதிரி நிற்கும்.

பழைய மெக்கானிக் ஒருவரிடம் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒருவன் இதைப் பற்றி விசாரித்ததைக் காது கொடுத்துக் கேட்டேன்.

“அண்ணே, டபுள் ஷாக் வாங்கலாம்னு இருக்கேன்.”

“வாங்கு தம்பி. எவ்வளவு வெச்சிருக்கே?”

“பன்னெண்டாயிரம்.”

“அந்த விலைக்குப் பின்னாடி வர்றது ஷாக் இல்ல தம்பி, வெறும் ஸ்பிரிங்கு. நீ மிதிக்கிற மிதியில பாதியை அதுவே தின்னுடும். ஆறு மாசத்துல புஷ் தேஞ்சு லொடலொடன்னு ஆடும். அப்புறம் என்கிட்டதான் வருவே.”

“அப்ப பின்னாடி குலுங்குமேண்ணே?”

“முட்டி எதுக்கு இருக்கு? பள்ளம் வந்தா சீட்டை விட்டு ஒரு இஞ்ச் எழுந்துக்கோ. கடவுள் ஃப்ரீயா குடுத்த ஷாக் அப்சார்பர், சர்வீஸ் சார்ஜ் கிடையாது.”

இதற்கு மேல் ஒரு எஞ்சினீயர்கூட விளக்க முடியாது. நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகள் உலகத்தில் உண்டு. அவை லட்சக்கணக்கில் விலை. நம் பட்ஜெட்டுக்குக் கெட்டி வால்தான் கௌரவம்.

இன்னொரு விஷயம். இந்த ரக சைக்கிள் பிறந்தபோது முன்னாலும் ஷாக் கிடையாது. 1970-களில் கலிபோர்னியாவில் மவுண்ட் டமால்பைஸ் என்கிற மலைப்பக்கம் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மண் பாதையில் தடதடவென்று உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976-ல் ஒரு பந்தயமே வைத்தார்கள். பெயர் ‘ரீபேக்’. அடிவாரம் வருவதற்குள் பின் பிரேக்கிலிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புது கிரீஸ் அடைக்கணும். அதனால் அந்தப் பெயர். 1977-ல் ஜோ ப்ரீஸ் என்பவர் இதற்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1989-ல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஃபோர்க் வந்த பிறகுதான் முன்பக்க ஷாக் பரவலானது. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஷாக் இல்லாமலே மலை இறங்கினார்கள். குண்டு டயர் இல்லாமல் இறங்கவில்லை.

* * *

ஆகவே முதலில் டயரைப் பாருங்கள். அகலம் 2.1-லிருந்து 2.25 அங்குலம் போதும். நடுவில் பட்டன்கள் நெருக்கமாக, தாழ்வாக இருக்கணும். ஓரத்தில் உயரமாக இருக்கணும். நடுப்பகுதி தார் ரோட்டுக்கு, ஓரம் மண்ணுக்கு. முழுக்க முரட்டுப் பட்டனாக இருந்தால் தார் ரோட்டில் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு உங்கள் சக்தியை உறிஞ்சும். காற்றையும் கல் மாதிரி அடிக்காதீர்கள். சராசரி எடை உள்ளவருக்கு 35 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் தாரிலும் ஓடும், சரளையிலும் பிடிக்கும்.

டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் கரிசல் நுழைந்துகொள்ளும். நுழைந்தால் சக்கரம் நின்றுவிடும். பிறகு சைக்கிள் உங்கள் மேல் சவாரி செய்யும்.

சக்கரம் 26, 27.5, 29 என்று மூன்று அளவு. பெரிய சக்கரம் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டும். நடுத்தர உயரக்காரருக்கு 27.5 அல்லது 29. ஒரே நிபந்தனை: டியூப் இரண்டு கூடுதலாக வாங்கி வீட்டில் வையுங்கள். 26 கிடைக்கிற எல்லாக் கடையிலும் 29 கிடைக்காது. டியூபின் வால்வு மோட்டார் பைக்கில் இருப்பது மாதிரி தடியாக இருந்தால் நல்லது. பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடிக்கலாம். முள்ளுக்கு டியூபுக்குள் ஊற்றுகிற சீலன்ட் இருக்கிறது. சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். கருவேல நாட்டில் அது செலவல்ல, இன்ஷூரன்ஸ்.

இரண்டாவது ஃபிரேம் அளவு. இதில்தான் நம்மவர்கள் சட்டை வாங்குகிற அளவுக்குக்கூட யோசிப்பதில்லை. சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு நில்லுங்கள். கம்பிக்கும் உங்களுக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். அவசரமாக இறங்கும்போது இந்த இரண்டு அங்குலத்தின் அருமை புரியும். விளக்கமாக எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். ஐந்தடி ஆறு அங்குல ஆசாமிக்குப் பெரும்பாலும் 17 அங்குல ஃபிரேம் சரிப்படும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது பிரேக். சக்கர விளிம்பைப் பிடிக்கிற பிரேக் சேற்றிலும் சிமென்ட் தூசியிலும் மக்கர் செய்யும். டிஸ்க் பிரேக்கே மேல். அதில் ஒயரில் இழுக்கிறது ஒன்று, ஆயிலில் அமுக்குகிறது ஒன்று. ஆயில் பிரேக் வெண்ணெய் மாதிரி பிடிக்கும். ஆனால் அதில் காற்று புகுந்தால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வண்டியோடு திருச்சிக்கு ரயில் ஏறணும். ஒயர் டிஸ்க் என்றால் ஒரு ஸ்பேனரோடு விஷயம் முடிந்தது.

நாலாவது முன் ஃபோர்க். 80-லிருந்து 100 மில்லிமீட்டர் அமுங்கினால் யதேஷ்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்துங்கள். நிதானமாக இறங்கி, நிதானமாக ஏறணும். டங்கென்று சத்தம் வந்தால் டங்கென்று வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தார் ரோட்டில் ஃபோர்க்கைப் பூட்டி வைக்கிற லாக்-அவுட் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆபீஸ் போகிறவருக்கு அது தினசரி உபயோகம்.

கடைசியாகத்தான் கியர். பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த 21 என்பது ஒரு கணக்கு ஜோடனை. முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. ஆனால் முன் பல் 42-34-24, பின் பல் 14-லிருந்து 28 என்று இருந்தால், பாதிக்குப் பாதி ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே விளைவைத்தான் தரும். டூப்ளிகேட் என்ட்ரி. 29 அங்குலச் சக்கரத்தில் மிக லேசான கியரில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 2 மீட்டர் நகரும். மிகக் கனமான கியரில் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரியலூர் மேடு பள்ளத்துக்கு நடுவிலே நாலைந்து கியர் போதும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் எட்டோ ஒன்பதோ உள்ள வண்டி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். தூசி அடைக்கிற இடம் குறைவு.

* * *

இனி கணக்கு. ஓரளவு நம்பகமான ஹார்டுடெயில் இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குள் அமையும். பலருக்கு ஒரு மாசச் சம்பளம். எனவே இதையும் கேட்டு வாங்குங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி சேர்த்து 25,000 ரூபாய்க்கு விற்ற வண்டியில் சுமார் 1,560 ரூபாய் குறையணும். அந்தப் பணத்தில் ஹெல்மெட் வாங்குங்கள். மிச்சத்தில் பின்னால் மினுக்குகிற சிவப்பு விளக்கும், வலது பக்கம் ஒரு கண்ணாடியும். கண்ணாடி வைத்தால் பந்தா குறையும்தான். ஆனால் லாரி எத்தனை தூரத்தில் வருகிறது என்று திரும்பாமலே தெரியும். திரும்பிப் பார்க்கிறபோது ஹேண்டிலும் கூடவே திரும்புவது சைக்கிள் சாஸ்திரம்.

கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். கலிபோர்னியா இளைஞர்களிடம் சாம்பார் சாதம் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

வண்டி வந்தாயிற்று. இனி இறங்கப் பழகணும். இதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத ஊர் ரோடு ஒன்று போதும். இறங்கும்போது சீட்டை விட்டு லேசாக எழுந்து, முழங்காலை மடக்கி, முன் பிரேக்கைத் தொடாமல் இறங்கணும். சரளைக்குள் போனதும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். குண்டு டயருக்கே வழி தெரியும்.

இறங்குவதைவிட ஏறுவதுதான் ஆபத்து. தார் விளிம்பை ஒட்டியே உரசிக்கொண்டு ஏறப் பார்த்தால் முன் டயர் அந்த விளிம்பிலேயே மாட்டி, ஆளை ரோட்டுப் பக்கம் தள்ளிவிடும். லாரி வருகிற பக்கம். எனவே அவசரமே வேண்டாம். மண்ணிலேயே கொஞ்ச தூரம் போய், வேகம் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, விளிம்பை நல்ல சாய்வாக, கிட்டத்தட்டக் குறுக்காகத் தாண்டி ஏறணும். விளிம்பு அதிக உயரமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். பத்து செகண்டுதான் நஷ்டம்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இன்னொன்றும் தன்னால் வரும். தார் ரோட்டுக்கு ஏன் திரும்பி ஏறணும் என்று தோன்றும். ஏரிக்கரை வழியாகப் போனால் கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் ஆகலாம். ஆனால் அங்கே கொக்கு மட்டும்தான் ஓவர்டேக் செய்யும்.

“இருபத்தஞ்சாயிரம் போட்டு சைக்கிளா? அதுக்கு ஒரு பழைய பைக்கே வாங்கலாமே!” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘பைக்குக்கு மாசா மாசம் பெட்ரோல் போடணும், இதுக்கு வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

“அப்ப ரெண்டு தோசை கூடக் கேக்கறியே, அது யார் கணக்கு?” என்று அம்மா கேட்டால், அதற்கு மட்டும் பி.காம்.-இல் பதில் கிடையாது.