ஒருநாள் பயிற்சி யாருக்குக் காணும்?



நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் பிரதான மின்கம்பி எட்டவில்லை. டீசல் என்ஜின்தான் கதியாக இருந்தது. 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுத்த வேலையை நிறுத்தி, 2024 மார்ச்சில் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று தீவுக்குமாக 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்றாலை, பெரிய பற்றரிகள், அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். சீனாவா இந்தியாவா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதை இயக்கப்போகிற தொழிலாளிக்கு யார், எத்தனை தடவை பழக்குவது? அதை எழுதக் காணோம்.

இப்படியான நிலையத்தில் காற்றையும் வெயிலையும் பற்றரியில் உள்ள மிச்சத்தையும் பார்த்து, எப்போது டீசலைப் போடுவதென்று தீர்மானிப்பது மென்பொருள். திரையில் வருகிற எச்சரிக்கை விளங்காதவர் என்ன செய்வார்? டீசலைப் போடுவார். அவரில் குற்றமில்லை, ஊர் இருட்டில் கிடக்கக்கூடாதே. ஆனால் காற்றாலை சும்மா நிற்கும். எஞ்சினியர் நெடுந்தீவுக்கு வருவதென்றால் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

திறப்புவிழா வாரத்தில் ஒருநாள் வகுப்பு, தேத்தண்ணி, வடை, சான்றிதழ். இதற்குப் பெயர் பயிற்சியாம்! பிறகு மென்பொருள் மாறும், படித்தவர் இடமாற்றம் பெறுவார். புதியவருக்கு, முன்னவரின் ஞாபகத்தில் மிஞ்சியதுதான் பாடம்.

தீவகத்தில் பிறந்து தோட்டத்தில் படிப்பிக்கிற எனக்கு இரண்டும் ஒரே கதை. கொழுந்துத் தராசும் செக்ரோலும் கம்ப்யூட்டருக்குப் போன தோட்டத்தில், ஒரு பதிவு பிழைத்தால் முழுப்பெயர் அரைப்பெயராகும். கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது". கிளாக்கரும் சம்பளக்காரர்தான், அவருக்கும் ஒழுங்காகப் பழக்கவில்லை. சம்பளம் குறைந்தால் அன்றைய காசோடு போகாது. சேமலாப நிதிக்கு நமது 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து குறையும்.

"படிக்காத சனத்துக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்கிறார்கள் துரைமார். கட்டாரிலுள்ள மகளோடு வாட்ஸ்அப்பில் முகம்பார்த்துப் பேசுகிற அம்மாவுக்கு, தன் கிலோக் கணக்கைத் திரையில் பார்க்கத் தெரியாதாம்!

வருஷத்துக்கு இரண்டு தடவை, மென்பொருள் மாறும்போதெல்லாம் இன்னொரு தடவை, தமிழில், வேலை நேரத்தில், முழுப்பெயரோடு பயிற்சி வேண்டும். கிளாக்கர், கங்காணி, தோட்டத் தலைவர், தலைவி எல்லோரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியாக இதை எழுதவேண்டும்.

அதற்குமுன், அன்றன்று குறித்துவைத்த கிலோவையும் இந்த மாதச் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டையும் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.