வீடு ஒருவருடையது, நிலம் வேறொருவருடையது!

“நடமாடும் வீடு” என்ற பெயரைக் கேட்போர், விரும்பிய வேளையில் விரும்பிய இடத்துக்குப் பெயர்ந்து செல்லும் சுதந்திர வாழ்வு அது என்றே எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 தளங்களில் 80,000க்கு மேற்பட்ட இத்தகைய வீடுகள் உள்ளன. அவற்றில் வாழ்வோருட் பெரும்பாலார் உழைத்து ஓய்ந்த முதியவர்கள். வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வீட்டை வாங்குகின்றனர். ஆனால் அவ்வீடு நிற்கும் நிலம் பிறருக்குச் சொந்தம். அந்நிலத்துக்கு வாடகை இறுக்க வேண்டும். ஒருமுறை இறக்கி வைத்த வீட்டைப் பெயர்த்தெடுத்தல் பெருஞ் செலவு. பழைய வீடாயின் பெயர்க்கும்போதே சிதைந்துவிடவுங் கூடும். பெயர்த்தாலும், கொண்டுபோய் வைக்க வேறு இடம் வேண்டாமா?

நிலத்துக்குரியவர் இந்நிலையை எங்ஙனம் பயன்படுத்தலாம் என்பதை நம் கமக்காரருக்கோ சட்டத்தரணிகளுக்கோ நாம் விளக்க வேண்டியதில்லை. வாடகையை ஏற்றலாம், மறுத்தவரை, “வீட்டைத் தூக்கிக்கொண்டு போ” எனலாம். ஒப்பந்தச் சுதந்திரம் என்று சட்டநூல்கள் கூறுவது, இரு தரப்பாரும் ஓரளவேனும் சமவலிமை உடைய இடத்திலன்றோ பொருள் பெறும்?

இதனை உணர்ந்தே பிரித்தானியப் பாராளுமன்றம் படிப்படியாகச் சட்டஞ் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வீட்டுப் பஞ்சத்தாற் பல்லாயிரவர் கரவன் வண்டிகளிற் குடியேறினர். அவர்தம் நிலையை ஆராய்ந்து 1959 இல் சேர் ஆட்டன் வில்சன் அறிக்கை சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டே தளங்களுக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதிக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளையின்றிக் குடியிருப்போரை வெளியேற்றுவதும், அவரை ஓட்டும் நோக்குடன் வாழ்வுக்கு வேண்டிய வசதிகளை நிறுத்துவதும் 1968 இற் குற்றமாக்கப்பட்டன.

1983 ஆம் ஆண்டுச் சட்டமே இவற்றுட் தலையாயது. நிபந்தனைகள் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்தை மீறி, அறிவித்தல் பெற்ற பின்னும் திருந்தாமை. வீட்டைத் தமது பிரதான இருப்பிடமாகக் கொள்ளாமை. வீடு பாழடைந்து தளத்துக்கே கேடாதல் என்ற காரணங்களுக்காகவே, அதுவும் நீதிமன்றத்தின் வழியாகவே, ஒருவரின் ஒப்பந்தத்தை முடிக்கலாம். குடியிருப்பவர் வீட்டை விற்கலாம். அவர் இறந்தால், உடன்வாழ்ந்த துணைக்கு அவ்வுரிமை செல்லும்.

இத்துணை நல்ல சட்டம் இருந்தும் குறை தீர்ந்ததா? தீரவில்லை. வீட்டை வாங்க வருபவரை நிலச்சொந்தக்காரர் ஏற்கவேண்டும் என்றொரு விதி சட்டத்தில் இருந்தது. நேர்மையற்ற சிலர் அதனையே ஆயுதமாக்கினர். வாங்க வந்தோரை அச்சுறுத்தித் திருப்பினர். விற்க வழியற்ற முதியவரிடம் அற்ப விலைக்கு வீட்டைத் தாமே பெற்றுக்கொண்டனர். இத்தகைய முறைகேடுகள் பரவிக் கிடப்பதை 2012 இல் பாராளுமன்றக் குழுவொன்று வெளிப்படுத்தியது. அதன் பின்னரே 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆயுதத்தைப் பறித்தது. வாடகை உயர்வைக் கணிக்கும் அளவுகோலும் 2023 யூலை மாதத்திலிருந்து, வேகமாய் ஏறும் சில்லறை விலைச் சுட்டெண்ணை விட்டு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்கு மாற்றப்பட்டது. ஆயினும் வீட்டை விற்கும்போது விலையில் 10 சதவீதம் வரை நிலச்சொந்தக்காரருக்குச் செல்லும் தரகு இன்னும் நீங்கவில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. உள்ளூராட்சி மன்றங்களின் தளங்களில் வாழ்ந்த நாடோடி மக்களுக்கு 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு மறுக்கப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரசபை, தன் தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு நாடோடிக் குடும்பத்தை வெளியேற்றியது. குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய கடமைகூட அதற்கு இருக்கவில்லை. இது வீட்டு வாழ்வுக்குரிய மதிப்பை மீறுவதென 2004 மே 27 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்தது. இருந்தும், அம்மக்களுக்கு அதே காப்பை அளிக்க இங்கிலாந்து 2011 வரை தாமதித்தது! ஒரே வகையான வீடு. ஒரே வகையான வாழ்வு. ஒரு சாராருக்குச் சட்டம். மறு சாராருக்கு வெறும் அறிவித்தல். இதன் கசப்பை நம்மவர் அறியாதவரல்லர்.

பிறர் நிலத்தில் தம் உழைப்பை இட்டவனின் கதை நமக்கும் பழையதே. பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரனின் உரிமையை நிலையானதாகவும் அவன் வழியினருக்குச் செல்வதாகவும் ஆக்கிற்று. ஆயினும் சட்டம் வந்த வேளையிலேயே ஆயிரக்கணக்கானோர் வயலிலிருந்து விரட்டப்பட்டனர். ஏட்டில் எழுதிய உரிமையைக் காக்கக் காவலும் எளிய நியாயசபையும் இல்லையேல், அவ்வேடு எளியவனுக்கு யாது பயன் தரும்?

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 2023 இல் 200 ஆண்டுகள் நிறைந்தன. அவர்களுட் பெரும்பாலானோருக்கு, தலைமுறை தலைமுறையாக வாழும் லயன் அறைக்கோ அது நிற்கும் நிலத்துக்கோ இன்றும் உறுதி இல்லை. பிரித்தானியாவின் வரலாறு அவர்களுக்காக நாம் கேட்கவேண்டியவற்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. உரிமை எழுத்தில் வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றி எவரையும் வெளியேற்றலாகாது. உரிமை துணைக்கும் மக்களுக்கும் செல்லவேண்டும். ஏழையும் அணுகக்கூடிய நியாயசபை வேண்டும். இவை எவரையும் விலக்காமல் எல்லோருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

சட்டத்தரணிகள் இவற்றை வாசகங்களாக வரையட்டும். நிலத்தின் அருமை அறிந்த கமக்காரர் அவற்றுக்குக் குரல் கொடுக்கட்டும். காலடி நிலம் உறுதியாகும் வரை கூரை எவருக்கும் வீடாகாது.