பசிக்குக் குறும்பு என்று பெயர் வைக்காதீர்கள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வண்டிகளில் பாதி, வெள்ளி நீர்வீழ்ச்சியில் நின்றுதான் போகும். அங்கே ஒரு நாட்டுக் குரங்கு குழந்தையின் கையிலிருந்து சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கினால், "என்ன குறும்பு பாரு!" என்று சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். குறும்பு என்றால் தீங்கில்லாத விளையாட்டு, குரங்கு என்றால் குறும்பு செய்யத்தான் செய்யும் என்பது ஊரே ஒப்புக்கொண்ட பேச்சு. நான் ஒப்பவில்லை.

'குறு' என்று தொடங்குவதால் அது சின்னத் தப்பைச் சொல்லும் சொல் என்பார்கள். பழந்தமிழில் அது கடுமையான சொல். சிற்றரணுக்கும், பேரரசனுக்கு அடங்காத குறுநிலத் தலைவர்களுக்கும் குறும்பு என்று பெயர். 735ஆம் குறள், நல்ல நாட்டில் இருக்கக் கூடாதவற்றில் ஒன்றாகக் குறும்பைச் சொல்கிறது. அங்கே அது வேந்தனை அலைக்கழிக்கும் கொலைகாரக் கூட்டம். அந்த அடங்காமை வீட்டுக்குள் வந்து குழந்தையிடம் சேர்ந்த பிறகே இனித்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், மணல்வீட்டைக் காலால் அழிக்க வரும் பிள்ளையிடம் சிறுமியர் கெஞ்சுகிறார்கள். பழத்துக்காகக் கோபித்துப் பழனி மலையேறிய பிள்ளையின் கதையும், அம்மையப்பன் பின்னாலேயே வந்து சமாதானம் சொல்வதால்தான் இனிக்கிறது. இரண்டு பக்கமும் உறவு இருக்கிறது, ஆகவே அது குறும்பு. உறவில்லாத இடத்தில் அதே செயலுக்கு வேறு பெயர்.

"பல்லைக் காட்டிச் சிரிக்குதே!" என்பார்கள். குரங்கு சத்தமில்லாமல் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தில், பணிவில். வாயைப் பிளந்து முறைத்தால் அது மிரட்டல். கன்னத்தை உப்ப வைத்துப் பழிப்புக் காட்டுவதாகத் தோன்றுவதும் பழிப்பு அல்ல: கன்னப்பையில் தீனியை அவசரமாகத் திணித்துக்கொண்டு, எட்டப்போய் மென்று தின்னும். கொஞ்சம் பொறுமையாக நின்றால் உண்மையான குறும்பையும் பார்க்கலாம். கைப்பிடிச் சுவரில் இரண்டு குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று இழுத்துத் தள்ளி உருளும். அங்கே பிடுங்குவதற்குத் தீனி எதுவும் இல்லை.

சேட்டை என்றாவது சொல்லலாமே என்றால், அதுவும் வடமொழியில் வெறும் அசைவு, செயல் என்று இருந்து தமிழில் திட்டாக மாறிய சொல். பழியைக் குரங்கின் மேல்தான் போடுகிறது.

வெறும் சொல்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அந்தச் சொல்தான் நம் கையை நீட்ட வைக்கிறது. குறும்பு என்று ரசித்து மிக்சர் கொடுக்கிறோம். மனிதக் கையில் தீனி இருக்கும் என்று குரங்கு கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதே குரங்கு கடைக்குள் நுழைந்தால் அட்டகாசம் என்று கம்பை எடுக்கிறோம். தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர் அது. காட்டில் பழமும் தளிரும் பூச்சியும் தேடித் தின்னத் தெரிந்ததைச் சாலையோரப் பிச்சைக்கு உட்கார வைத்தது நாம்.

அடுத்த முறை மலையேறும்போது வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பொட்டலத்தைப் பைக்குள் வையுங்கள். ஏன் கொடுக்கக் கூடாது என்று குழந்தை கேட்டால், "அதுக்கு வேண்டியது காட்டுலயே இருக்கு கண்ணு" என்று சொல்லுங்கள்.