பெட் ஸ்கேன் புற்றுநோய்க்கு மட்டுமா?

நெஞ்சில் நெறி கட்டியிருக்கிறது, எடை குறைகிறது, மாலையானால் காய்ச்சல். பெட் ஸ்கேன் எடுத்தால் அந்த நெறிகள் பளிச்சென்று ஒளிர்கின்றன. அறிக்கை கைக்கு வந்ததுமே புற்றுநோய் என்று குடும்பம் முடிவுகட்டி அழத் தொடங்கிவிடுகிறது. பயாப்சி முடிவு வரும்போது அது காசநோய். இந்திய மருத்துவமனைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர்.

ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றப்படும் எஃப்.டி.ஜி., ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சுமந்த, குளூக்கோஸ் போன்ற ஒரு பொருள். சர்க்கரை என்று ஏமாந்து உயிரணு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால், முதல் படியில் பாஸ்பேட் ஒட்டியதும் அடுத்த படிக்கு நகர முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. ஃபுளோரின் சிதைந்து வெளியேறும் பாசிட்ரான், பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் பாய்கின்றன. கருவி பிடிப்பது அவற்றைத்தான். ஆக, படத்தில் தெரிவது சர்க்கரைப் பசி. எந்த நோய் என்று அது சொல்வதில்லை.

1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு எஃப்.டி.ஜி. செலுத்தப்பட்டபோது ஆய்வாளர்கள் பார்க்க விரும்பியது மூளையை. புற்றுநோய் பின்னால் வந்து கருவியைத் தனதாக்கிக்கொண்டது. அழற்சியால் வரும் ஒளிர்வு தொல்லை என்று ஒதுக்கப்பட்டது. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர் கூபோட்டாவும் குழுவினரும் எலிகளில் வளர்ந்த கட்டிகளை நுணுக்கமாகப் பார்த்தார்கள். புற்றணுக்களைவிட, அவற்றைச் சூழ்ந்திருந்த மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்கள்தான் எஃப்.டி.ஜி.யை அதிகம் உறிஞ்சியிருந்தன. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுக்களுக்கும் குளூக்கோஸ்தானே தீனி!

ஒரு காலத்துத் தொல்லைக்கு இன்று நல்ல வேலை கிடைத்திருக்கிறது. வாரக்கணக்கில் காரணம் பிடிபடாத காய்ச்சலில் எங்கே தேடுவது என்று அது காட்டுகிறது. செயற்கை இதய வால்வில் தொற்று என்ற சந்தேகம் வந்து, எக்கோவில் தெளிவு கிடைக்காதபோதும் கைகொடுக்கிறது. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2015 வழிகாட்டு நெறிகளில் இதை அந்தத் தொற்றைக் கண்டறியும் முதன்மை அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. பெருந்தமனிச் சுவரில் படரும் அழற்சியையும் காணலாம். ஆனால், ஸ்டீராய்டு தொடங்கி நாள் கடந்துவிட்டால் ஒளிர்வு மங்கிவிடும். மருந்துச்சீட்டு முந்திக்கொண்டால் ஸ்கேன் வீண்.

இதயத்தில் சார்காய்டோசிஸ் எனும் அழற்சி நோய் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் வம்பு. நலமான இதயத் தசையும் சர்க்கரை தின்னும்; எல்லாமே ஒளிர்ந்தால் நோயுற்ற இடம் எது? அதனால் முந்தைய நாள் முழுக்க இட்லி, சோறு, பழம், சர்க்கரை போட்ட காபி எதுவும் கூடாது. முட்டை, மீன், இறைச்சி, நெய் என்று கொழுப்பாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பல மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும். இதயம் கொழுப்பை எரிக்கத் தொடங்கிய பின், அழற்சி உள்ள இடம் மட்டும் சர்க்கரைக்கு ஏங்கி ஒளிரும். 'ஒரே ஒரு பிஸ்கட்' என்று வாயில் போட்டால்கூடப் படம் கெட்டுவிடலாம். அதிநவீனக் கருவியின் முடிவு முந்தைய நாள் சமையலறையில் தீர்மானமாவது வேடிக்கைதான்.

2021-இல் கொரோனா தடுப்பூசி இன்னொரு பாடம் நடத்தியது. ஊசி போட்ட கையின் அக்குளில் நெறிகள் ஒளிர்ந்தன. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த பெண்களுக்கு அது பெரும் பீதி. நோயுள்ள பக்கத்துக்கு எதிர்க் கையில் தடுப்பூசி போடச் சொன்னார்கள்; எந்தக் கை, எந்தத் தேதி என்று ஸ்கேன் அறையில் குறித்துவைக்கும் வழக்கமும் வந்தது. அந்த ஒரு வரி பல பயாப்சிகளைத் தவிர்த்திருக்கும்.

அப்படியொரு வரி காசநோய்க்கும் வேண்டும். பழைய காசநோய் உண்டா, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்ற விவரமில்லாமல் எழுதப்படும் அறிக்கை இந்தியாவில் அரைகுறை அறிக்கைதான். ஒளிர்வின் அளவைச் சொல்லும் எஸ்.யூ.வி. எண்ணை வைத்து மட்டும் காசநோயையும் புற்றுநோயையும் பிரிக்க முடியாது. காசநோய் நெறிகளும் புற்றுக்கு நிகராக ஒளிரும். எந்த நெறியில் ஊசியை நுழைத்தால் விடை கிடைக்கும் என்று காட்டுவதுதான் ஸ்கேனின் பலம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு 'முழு உடல் பரிசோதனை' என்று இதை விற்பது, பணத்தையும் கதிர்வீச்சையும் கொடுத்துக் கவலையை வாங்க வைப்பது.

சிகிச்சை முடிந்ததா என்று தீர்மானிக்கவும் படம் மட்டும் போதாது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பகுதியில் காசநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. 6 மாத சிகிச்சை முடிந்து, சளியில் கிருமி இல்லையென்று உறுதியான பிறகும் பெரும்பாலோரின் நுரையீரலில் ஒளிர்வு முழுமையாக அடங்கவில்லை. சிலருக்குப் புதிய இடங்களே தோன்றியிருந்தன. ஒளிர்வு அணையும்வரை மாத்திரை என்று வைத்தால், சளிச் சோதனையில் தேறிய பலர் இன்னும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.