முரட்டுக் குதிரைன்னு சொல்றதுக்கு முன்னாடி முதுகைப் பாருங்க

"குதிரை குணம் அறிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கலை"ன்னு ஒரு பழமொழி இருக்கு. பள்ளங்கி, வில்பட்டி பக்கம் எந்தக் குதிரை யாரை உதைச்சாலும் முதல்ல இதைத்தான் சொல்றாங்க. அடுத்து, "நாலு சாத்து சாத்துப்பா, தானா அடங்கும்." இந்தப் பேச்சைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

ரோட்டுக்கு எட்டாத தோட்டத்துல விளையுற கேரட்டும் உருளையும் பூண்டும் மேல ஏறுறது குதிரை முதுகுலதான். பல தலைமுறையா வண்டியே பார்க்காத வெள்ளகெவிக்கு அரிசி பருப்பு போனதும் அப்படித்தான். அந்த முதுகை நாம எத்தனை பேர் தடவிப் பார்த்திருக்கோம்?

நேத்து வரைக்கும் ஒழுங்கா பொதி சுமந்த குதிரை இன்னிக்குக் கடிக்குது, உதைக்குதுன்னா அதுக்குக் காரணம் இருக்கும். சேணத்தை இறக்கிட்டு முதுகெலும்பு ஓரமா கையை வச்சு அழுத்துங்க. புண் இருக்கும், இல்லை வீங்கியிருக்கும். வயித்துப்பட்டை உரசுற இடத்துல தோல் உரிஞ்சிருக்கும். கடைவாய்ப் பல் கூராகி கன்னத்தைக் கிழிச்சிருக்கும், அதுல கடிவாளத்தை வேற இழுக்குறோம். லாடம் தேஞ்சு குளம்புல கல் ஏறியிருக்கும். அதுக்கு வாய் இல்லை, காலால சொல்லுது. சொன்னதுக்கு அடி. அடி வாங்குன குதிரை அடுத்த தடவை ஆள் கிட்ட வரும்போதே உதைக்கத்தான் செய்யும்.

சுமைக்குச் சட்டமே இருக்கு. 1965-ல வந்த மத்திய அரசு விதிப்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோதான், கோவேறு கழுதைக்கு 200 கிலோ. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, ஓய்வு குடுக்காம 5 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது. ரெண்டு பக்கமும் மூட்டையைத் தொங்கவிட்டு மேட்டுல ஏத்துறவங்க கணக்கைப் போட்டுப் பாருங்க.

"அண்ணே, பிறவி முரடும் இருக்குல்ல?" ன்னு கேட்பீங்க. இருக்கு. காயடிக்காத ஆண் குதிரை, சின்னதுல ஆள் கை படாம வளர்ந்த குதிரை கஷ்டம்தான். ஆனா அதுக்கும் சாட்டை மருந்து இல்லை. குதிரை பயந்தா ஓடுற ஜாதி. கட்டிப்போட்டு அடிச்சா ஓட வழியில்லாமத்தான் உதைக்குது. அதுக்கு நேர் பின்னாடியும் மூக்குக்கு நேர் முன்னாடியும் கண்ணு தெரியாது. அதனால பேச்சுக் குடுத்துக்கிட்டே பக்கவாட்டுல தோள் பக்கமா போங்க. காதை மடக்கிப் பின்னால சாய்ச்சா நில்லுங்க. பின்பக்கம் கடக்கணும்னா கால் எட்டாத தூரத்துல சுத்திப் போங்க. கயித்தைக் கையில சுத்திக்காதீங்க, மிரண்டு ஓடுனா உங்களையும் இழுத்துட்டுப் போயிடும். சின்னப் பையன்கிட்ட அந்தக் குதிரையைக் குடுத்து அனுப்பவே கூடாது. கடிச்சிருச்சுன்னா சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெறிநோய் குதிரைக்கும் வரும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒண்ணு இருக்கு. உதைக்கிற குதிரைன்னு தெரிஞ்சும் மூடி மறைச்சு அடுத்தவன் தலையில கட்டுறது. வாங்குனவன் விவரம் தெரியாம அதைச் சவாரிக்கு விட்டா, நாளைக்கு ஏறப்போறது சுற்றுலா வந்த ஒரு குழந்தை. அந்தக் குழந்தை விழுந்தா பழி குதிரைக்கா, வித்தவனுக்கா? விக்கிறவன் குறையைச் சொல்லித்தான் விக்கணும். விலை குறைஞ்சா குறையட்டும். உழைச்சு ஓஞ்சதை ரோட்டுல அவுத்துவிடுறதும் இதே கணக்குதான்.

வைத்தியத்துக்கு ஆள் இல்லைன்னும் சொல்ல வேண்டாம். 1962-க்கு போன் போட்டா கால்நடை ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம். புண் ஆறுற வரைக்கும் பொதி ஏத்தாதீங்க. பத்து நாள் வாடகை போகுதேன்னு நினைக்கிறவங்க, விலா எலும்பு உடைஞ்சு மூணு மாசம் படுத்தா எவ்வளவு போகும்னும் நினைச்சுப் பாருங்க.

ஆண்டவன் கொம்பு குடுக்காதது இருக்கட்டும். நமக்குக் கண்ணு குடுத்திருக்கான். சாட்டையைத் தேடுறதுக்கு முன்னாடி சேணத்தை இறக்கிப் பாருங்க.